முழுதானியம் சாப்பிட்டால் சளி பிடிக்காதா? அப்பாவுக்காக ஒரு கேள்வி

தாமரைக்குளம் எழுதியது:

அப்பாவுக்கு வயது 71. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். ஐப்பசி பிறந்தால் மூக்கு ஒழுகத் தொடங்கும். இருமல் ஓய்வதற்குத் தை பிறந்துவிடும். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அடுக்களை அலமாரியில் புதிதாக ஒரு டப்பா இருந்தது. ‘இருபத்தொரு தானியச் சத்துமாவு, நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அரைக் கிலோ 480 ரூபாய். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் முதல் பொருள் கோதுமை, இரண்டாவது சர்க்கரை. மீதி இருபது தானியமும் அதற்குப் பிறகு வரிசையாக நிற்கின்றன.

விலையைக்கூட விட்டுவிடுகிறேன். இதைக் குடிக்கிற தைரியத்தில் மருத்துவர் போடச் சொன்ன ஃப்ளூ தடுப்பூசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “தானியத்தில் இல்லாதது ஊசியில் என்ன இருக்கிறது?” என்று என்னையே கேட்கிறார்.

மற்றபடி அவர் சாப்பாடு மூன்று வேளையும் தும்பைப்பூ மாதிரி வெள்ளை அரிசிதான். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். முழுதானியத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இருந்தால் உடம்புக்குள் அது எப்படி நடக்கிறது? ‘நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை’ என்ற பதிலை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அதை அப்பாவே தினமும் சொல்கிறார்.

---

வெயிலோன் எழுதியது:

முதலில் ஊசியைப் போடச் சொல்லுங்கள். பிறகு தானியம் பேசலாம்.

‘பெருக்கும்’ என்ற சொல்லே எனக்கு ஒவ்வாது. நோய் எதிர்ப்பு என்ன வங்கி வைப்புத்தொகையா, கூடக்கூட மகிழ்வதற்கு? முடக்குவாதம், ஆஸ்துமா, சோரியாசிஸ் எல்லாம் இதே எதிர்ப்பு அமைப்பு அளவுக்கு மீறி வேலை செய்வதால் வருகிறவை. கூட்டுவதைவிடத் தேவைப்படும்போது எழுப்பி, வேலை முடிந்ததும் அடங்க வைப்பதுதான் கடினம். அதை ஒரு மாவு டப்பா செய்யும் என்றால் எனக்கும் இரண்டு கிலோ வாங்கி அனுப்புங்கள்.

---

நுண்ணுயிர்ப்பித்தன் எழுதியது:

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வெயிலோன் சொன்ன ‘அடங்க வைப்பது’ இருக்கிறதே, தானியம் உள்ளே நுழைகிற வாசல் அதுதான். ஒரு தானியமணிக்கு மூன்று பகுதிகள்: வெளியே தவிடு, ஓரத்தில் முளை, நடுவில் மாவு. தீட்டும்போது முதலிரண்டும் போய்விடுகின்றன. தவிட்டிலுள்ள நார்ச்சத்தை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன.

இவற்றில் பியூட்டிரேட்டைக் கவனியுங்கள். பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அது. அந்தச் சுவர் உறுதியாக இருந்தால்தான் குடலுக்குள் இருப்பது இரத்தத்துக்குள் கசியாது. இன்னொரு வேலையும் அது செய்கிறது. எதிர்ப்பு அமைப்பில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) உருவாக அது உதவுகிறது என்று 2013-ல் நேச்சர், சயன்ஸ் இதழ்களில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. எலிகளில் செய்த சோதனைகள்தாம்.

2016-ல் செல் இதழில் வந்த எலி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நார்ச்சத்தே இல்லாத தீவனம் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த பாக்டீரியாக்கள் குடல்சுவரின் மேல் படிந்திருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, பிறகு நோய்க்கிருமியைக் கொடுத்தபோது அந்த எலிகள் மோசமாக நோயுற்றன. வீட்டில் சோறு போடாவிட்டால் குடியிருப்பவன் கதவு நிலையைப் பிடுங்கி அடுப்பெரிப்பான் என்று வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் தேர்விலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

மனிதர்களில்? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட சோதனையைச் சொல்லலாம். 40 முதல் 65 வயது வரை உள்ள 81 பேர். ஆறு வாரம் எல்லா உணவையும் ஆய்வாளர்களே கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு முழுதானியம், பாதிப் பேருக்குத் தீட்டிய தானியம், உடல் எடை மாறாதபடி கணக்குப் பார்த்து. முழுதானியம் உண்டவர்களின் மலத்தில் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் ஒருவகைப் பாக்டீரியா கூடியது. தொல்லை தரும் கிருமிகள் அடங்கிய ஒரு குடும்பம் குறைந்தது. பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் டி செல்களில் ஒரு வகை சற்றே கூடியது. அழற்சியைக் காட்டும் மற்ற அளவுகள் பெரிதாக மாறவில்லை. ஆய்வாளர்களே ‘மிதமான விளைவு’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

---

வெயிலோன் எழுதியது:

ஆறு வாரம் மூன்று வேளையும் ஊட்டியும் ‘சற்றே’. அப்பாவின் டப்பாவில் ‘பெருக்கும்’. நடுவில் எங்கோ ஒரு விளம்பரக்காரர் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

பித்தன் ஐயா, நேரடியாகக் கேட்கிறேன். அந்த 81 பேரில் யாருக்காவது சளி குறைவாகப் பிடித்ததா?

---

நுண்ணுயிர்ப்பித்தன் எழுதியது:

அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. இரத்தத்தையும் மலத்தையும் உமிழ்நீரையும் பார்த்தார்கள். ‘முழுதானியம் சளியைத் தடுக்கும்’ என்று சொல்ல அந்த ஆய்வு இடம் கொடுக்காது.

சளியை நேரடியாகப் பார்த்த ஒன்று இருக்கிறது; உங்களுக்குப் பிடிக்கும். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தை எடுத்துப் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு நாளுக்கு 5.6 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வந்தது. கடும் பயிற்சிக்குப் பிறகு சளி பிடிப்பதில் எந்த வேறுபாடும் இல்லை. கடைகளில் ‘பீட்டா குளுக்கான், எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதுகிறார்களே, அந்தப் பேச்சு பெரும்பாலும் ஈஸ்ட், காளான் ஆகியவற்றின் பீட்டா குளுக்கானிலிருந்து வந்தது. அதன் மூலக்கூறுப் பிணைப்பே வேறு. பெயர் ஒன்று என்பதால் ஓட்ஸுக்கும் அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டார்கள். ஓட்ஸ் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் குறைப்பது உண்மை. அதற்கு நல்ல சான்று இருக்கிறது.

அழற்சி பற்றி இன்னொன்று. டென்மார்க்கில் 60 பேரை வைத்து, ஒரே ஆளுக்கு எட்டு வாரம் முழுதானியம், எட்டு வாரம் தீட்டியது என்று மாற்றிக் கொடுத்தார்கள். முழுதானியக் காலத்தில் எடை குறைந்தது, இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், குடல் பாக்டீரியாக்களில் பெரிய மாற்றம் தென்படவில்லை. நான் மேலே இவ்வளவு அழகாகக் கட்டிய பாக்டீரியாக் கதையை அது கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறது. எடை குறைந்ததால் அழற்சி குறைந்ததா, பாக்டீரியா என்ன ஆள் என்பதைவிட என்ன வேலை செய்கிறது என்பது முக்கியமா என்று அடித்துக்கொள்ள எங்கள் துறையில் ஆட்கள் நிறைய.

---

மில்லுக்கார அண்ணாச்சி எழுதியது:

தென்காசிப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து நாற்பத்து மூன்று வருடம். பாக்டீரியா எனக்குத் தெரியாது, தவிடு தெரியும்.

நீங்கள் எல்லாரும் முழுதானியம் முழுதானியம் என்கிறீர்கள். கடையில் வாங்குவது முழுதானியம்தானா என்று யாரும் கேட்கவில்லையே! சாமை, வரகு, தினை, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் உமி உண்டு. உமியை நீக்கித்தான் ஆக வேண்டும். மனிதன் தின்ன முடியாது. ஆனால் உமியோடு நிற்காமல் இன்னும் இரண்டு ஓட்டம் விட்டால் தவிடும் போய் மணி வெள்ளையாகப் பளபளக்கும். வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கிறது. சீக்கிரம் வேகும், வண்டு விழாது, பொட்டலம் அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும். அப்படித் தீட்டிய சாமைக்கும் வெள்ளை அரிசிக்கும் விலையில்தான் பெரிய வித்தியாசம். தவிடு உள்ள சாமை பழுப்பாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்.

கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றிலும் இந்த ஏமாற்று குறைவு. உமி இல்லாத மணிகள், அப்படியே அரைக்கலாம். அதிலும் அரைத்து வீட்டுக்குப் போனதும் மெல்லிய சல்லடையில் சலித்துச் சப்பியைக் குப்பையில் கொட்டுகிறவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கியதில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைச் சத்து என்று குடிப்பார்கள்.

கம்பு மாவைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அரைத்த மாவை ஒரு வாரம் வெளியே வைத்தால் கசக்கத் தொடங்கும். முளையில் எண்ணெய் அதிகம், அரைபட்டதும் காறிப்போகும். ஆறு மாதம் கசக்காத கம்பு மாவு என்று யாராவது கொடுத்தால் சூடுபடுத்தியிருக்க வேண்டும், அல்லது முளையை எடுத்திருக்க வேண்டும். என்ன செய்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

---

அரிசிக்கட்சி எழுதியது:

அண்ணாச்சி, அரிசியைத் திட்டுவதற்கு ஒரு அளவு உண்டு. எங்கள் புழுங்கலைக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன்.

இந்த விவகாரம் முழுவதும் தொடங்கியதே அரிசியில்தான். 1890 வாக்கில் ஜாவாவின் பட்டாவியா நகரத்து இராணுவ மருத்துவமனையில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், கால்களைத் தளரச்செய்யும் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. பிறகு தாமாகவே எழுந்தன. விசாரித்தால், மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் ‘இராணுவச் சோறு கோழிக்குக் கிடையாது’ என்று நிறுத்தியதும் கோழிகள் தவிட்டு அரிசிக்கு மாறித் தேறிவிட்டன. அந்தச் சமையற்காரரின் கஞ்சத்தனம் இல்லாவிட்டால் கதையே வேறு. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு.

நம் பக்கம் குன்னூர் இருக்கிறது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் குன்னூரில்தான் பிறந்தது, 1958-ல் இடம்பெயர்ந்தது. அதைத் தொடங்கிய மெக்காரிசன் என்ற மருத்துவர் இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி தின்ற ‘சீக்கிய’ எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசி தின்ற ‘மதராஸ்’ எலிகளுக்கு நுரையீரல், குடல் எல்லாவற்றிலும் நோய். இதை வைத்து எங்களைக் கேலி செய்யாதவர் இல்லை.

ஆனால் நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் (பி1 வைட்டமின், இது குறைந்தால்தான் பெரிபெரி வரும்) நீரோடு உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும். பச்சரிசிக்காரர்களைப் பெரிபெரி பிடித்த அளவுக்குப் புழுங்கல்காரர்களைப் பிடிக்காததற்குக் காரணம் அதுதான்.

---

வெயிலோன் எழுதியது:

சீக்கிய எலிக்குச் சப்பாத்தி மட்டுமா போட்டார்கள்? பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, அவ்வப்போது இறைச்சி. அத்தனையையும் தின்ற எலி கொழுத்ததற்குக் கோதுமைக்கு மாலை போடுகிறோம். அதோடு புழுங்கலில் தங்குவது தயமின். நாரை உள்ளே தள்ள முடியாது. பித்தன் ஐயாவின் பாக்டீரியாக்களுக்கு வேண்டியது நார்.

---

அரிசிக்கட்சி எழுதியது:

அதற்குத்தான் பழைய சோறு. சோறு ஆறினால் அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. கட்சி மாறமாட்டேன்.

---

கஞ்சித்தொட்டி எழுதியது:

மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இழை முழுதும் ‘தீட்டியது கெட்டது, தீட்டாதது நல்லது’ என்று சாய்கிறது. எதிர்ப்பக்கத்து வரலாறு ஒன்று சொல்ல வேண்டும்.

பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். 21 வயது இளைஞன் ஒருவனை அழைத்துவந்தார்கள். பார்ப்பதற்குப் பத்து வயதுச் சிறுவன் போல. பருவம் எய்தவில்லை, கடும் இரத்தசோகை, மண் தின்னும் பழக்கம். சுற்றுக் கிராமங்களில் அவனைப் போல இன்னும் பலர். அவர்கள் சாப்பாடு என்ன தெரியுமா? முழுக்கோதுமை ரொட்டி. ஏறக்குறைய அது மட்டும்தான், அதுவும் புளிக்கவைக்காத ரொட்டி. தவிட்டில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் கட்டிப்போட்டுவிடுகிறது. உடம்பில் சேர விடுவதில்லை. மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரும் என்பதையே உலகம் நம்பாத காலம் அது. பிரசாத் அதை நிறுவினார். அந்த இளைஞர்களில் பலர் 25 வயதைத் தாண்டவில்லை, தொற்றுநோயில் இறந்தார்கள். துத்தநாகம் இல்லாவிட்டால் டி செல்கள் ஒழுங்காக வேலை செய்யா என்பதையும் பின்னாளில் அவரே காட்டினார்.

முழுதானியம் தின்று எதிர்ப்பு ஆற்றலை இழந்தவர்கள் இவர்கள். பாலோ இறைச்சியோ பருப்போ போதிய அளவு இல்லை, மாவு புளிக்கவும் இல்லை. அதனால் வந்த வினை.

என் பாட்டி கம்பங்கூழ் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் குத்துவாள். முறத்தில் புடைத்தால் மேல்தோல் பறக்கும், கோழிகள் காத்திருக்கும். மறுபடி குத்தி, சலித்து, நொய்யையும் மாவையும் பிரிப்பாள். மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்க விடுவாள். மறுநாள் மாலை கொதிக்கும் நொய்யில் அதை ஊற்றிக் கிண்டி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டுவைப்பாள். அதற்கு மறுநாள் காலையில்தான் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு கைக்கு வரும். கம்பு எங்களிடம் வந்து சேர இரண்டு இரவுகள் ஆகும். மேல்தோலில் கொஞ்சத்தை அவளும் தள்ளினாள் என்பதைக் கவனியுங்கள். ஊறுவதிலும் புளிப்பதிலும் பைட்டேட் உடைகிறது, முளைகட்டினாலும் உடையும். இரண்டு நிமிடத்தில் வெந்நீரில் கலக்கும் சத்துமாவில் இந்த வேலை எதுவும் நடந்திருக்காது.

தாமரைக்குளம், உங்கள் அப்பாவின் தட்டில் பருப்பு, முட்டை அல்லது மீன் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். எழுபது வயதுக்கு மேல் தனியாக இருக்கும் ஆண்கள் சோறும் ரசமும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு சமாளிப்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். புரதம் குறைந்தால் எந்தத் தானியமும் காப்பாற்றாது.

---

குரக்கன்பிட்டு எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு நீரிழிவு என்றதும் வெள்ளை மாப் பிட்டை நிறுத்திக் குரக்கன் (கேழ்வரகு) மாவில் பிட்டு, மதியம் தவிட்டுச் சிவப்பரிசி என்று ஒரே நாளில் மாற்றிவிட்டோம். நான்கு நாட்கள் வயிறு ஊதி, காற்றுப் பிரிந்து, அம்மா எங்களோடு கதைக்கவே இல்லை. ஐயா அக்காமாரே, இதையும் எழுதி வையுங்கள். முதற்கிழமை ஒரு நேரம் மட்டும், தண்ணீர் நன்றாகக் குடித்து, மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். இப்போது இரண்டு நேரமும் சாப்பிடுகிறார். சீனி கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறது. தடிமன் (சளி) மட்டும் மாரி வந்தால் வழக்கம்போல வருகிறது.

---

மழலைமொழி எழுதியது:

‘இருபத்தொரு தானியம்’ என்பதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. என் மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் அவளுடைய எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. முழுக்கோதுமையா மைதாவா என்ற வேறுபாடெல்லாம் அங்கே செல்லாது.

இரண்டு வயதில் வயிறு உப்பி, கைகால் குச்சியாகி இருந்தவளுக்கு ஓர் ஊரில் ஒரு மருத்துவர் ‘சத்துக் குறைவு, கோதுமைக் கஞ்சி நிறையக் கொடுங்கள்’ என்று எழுதிக்கொடுத்தார். ஏழு மாதம் கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன் என்பது இன்னும் போகவில்லை. பிறகு வேறு இடத்தில் இரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தார்கள்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காதபோது, ஊரெல்லாம் பட்டினியில் வாட, அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி நோயுற்றார்கள்.

என் மகள் இப்போது கேழ்வரகு அடை, சோளத் தோசை, சாமைப் பொங்கல் சாப்பிடுகிறாள். கோதுமை அரைத்த கல்லில் அரைக்காமல் மில்லில் தனியாக அரைத்து வாங்குகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கோதுமையால் தீங்கில்லை. பரிசோதனை செய்யாமல் நிறுத்தவும் வேண்டாம், நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் அகப்படாமல் போகலாம். ஆனால் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் இருக்கிற பெரியவர்களுக்கும் இது வரலாம். அப்பாவுக்கு அப்படி ஏதாவது உண்டா?

---

தாமரைக்குளம் எழுதியது:

அப்படி எதுவும் இல்லை, மழலைமொழி. வயிறு நன்றாக இருக்கிறது, வாய்தான் கேட்பதில்லை.

இந்த இழை முழுவதையும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் படித்தார். வெயிலோன் எழுதியதைப் பார்த்து ‘யார் இந்தத் துடுக்கன்?’ என்றார். குன்னூர் எலிக்கதையை மட்டும் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவை சொல்லும்போது எலிகள் தஞ்சாவூர்க்காரர்கள் ஆகிவிட்டன.

வென்றது கஞ்சித்தொட்டியின் பாட்டிதான். “எங்கம்மாவும் முறத்தில் புடைத்துத்தான் செய்வாள்” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். டப்பா இப்போது வேலைக்காரம்மாவின் பேரனுக்குப் போயிற்று. சர்க்கரை இருப்பதால் அவனுக்குப் பிடிக்கிறதாம். அவனுக்கும் அது ஏற்றதில்லை என்று சொல்லியிருக்கிறேன். காலையில் முட்டை ஒன்று, வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகுக் கூழ், மதியச் சோற்றில் பாதிக்குத் தவிட்டு அரிசி என்று பேசி முடித்திருக்கிறோம். மூன்றாவதில் இன்னும் பேரம் நடக்கிறது.

ஊசி சென்ற வியாழக்கிழமை போட்டாயிற்று. போட்ட கை வலிக்கிறது என்று தினம் இரண்டு முறை போன் செய்கிறார்.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துக் கொண்டுபோனால் மில்லில் அரைத்துத் தருவார்களா? அப்பா போன தடவை ஈரத்தோடு கொண்டுபோய்த் திட்டு வாங்கி வந்தார்.

---

மில்லுக்கார அண்ணாச்சி எழுதியது:

திட்டத்தான் செய்வோம். ஈரம் இருந்தால் கல்லில் அப்பிக்கொள்ளும், அன்றைக்கு முழுதும் வேறு வேலை ஓடாது. வெள்ளைத் துணியில் கட்டி முளை அரை விரலளவு வந்ததும் நிழலில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள் உலர்த்தச் சொல்லுங்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில். இரும்புச்சட்டியில் லேசாகச் சூடு காட்டிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மிளகாய் அரைத்த கையோடு கேழ்வரகு போட மாட்டோம் என்பதால் காலையில் முதல் ஆளாகப் போகச் சொல்லுங்கள். இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் கல்லிலேயே பாதி நின்றுவிடும்.